கிரெடிட் யூனியனில் கடன் வாங்கலாம். கையெழுத்துக்கு முன் ஒரு பத்தியைப் படியுங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வந்தவுடன், நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு பெரிய வங்கியில் கணக்குத் தொடங்கினோம். இன்றுவரை அதே வங்கிதான். அடுத்த ஆண்டு வீடு வாங்குவதற்காகச் சேர்த்த 2,90,000 டாலர், அங்கே என் பெயரில் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. சென்ற ஆண்டு முழுவதற்கும் அதற்கு வந்த வட்டி 29 டாலர். இப்போது கார் வாங்க 28,000 டாலர் கடன் தேவைப்படுகிறது. ஐந்தாண்டுக் கடனுக்கு வங்கி 8.4 சதவீதம் கேட்கிறது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்ட உள்ளூர் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு நிதி நிறுவனம்) 5.9 சதவீதத்துக்குத் தருகிறது. மொத்தக் கணக்கையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். என் கணவர் தயங்குகிறார். ஊரில் என் மாமனார் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்த பணம் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. "இதுவும் அதே கூட்டுறவுதானே, பெரிய வங்கி என்றால் அரசாங்கம் கைவிடாது" என்கிறார். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வேண்டும். இருவரும் எச்-1பி விசாவில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கார் கடனைக் கிரெடிட் யூனியனில் வாங்குங்கள். சேமிப்பின் ஒரு பகுதியையும் அங்கே கொண்டுபோகலாம். ஆனால் மொத்தக் கணக்கையும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு நான் சொல்லப்போகும் காரணம் உங்கள் கணவர் அஞ்சுகிற காரணம் அல்ல. அவருடைய அச்சம் நியாயமான அனுபவத்திலிருந்து வந்திருந்தாலும், அது இங்கே தவறான இடத்தில் விழுகிறது. கவனிக்க வேண்டிய இடம் கடன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதலில் அவருடைய கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மாமனார் பணம் போட்ட சங்கமும் நீங்கள் சேரவிருக்கும் கிரெடிட் யூனியனும் வம்சாவளியில் உறவினர்கள்தாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் வேர், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்பவர் கிராமங்களில் அமைத்த கடன் சங்கங்களில் இருக்கிறது. அந்த முறையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1890களில் அரசுக்கு அறிக்கை எழுதினார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907இல் இந்தியாவில் பயணம் செய்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் அங்கே கண்ட கிராமக் கூட்டுறவுச் சங்கங்களால் ஈர்க்கப்பட்டு, அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் இயக்கத்துக்குப் பிற்காலத்தில் பெரும்பொருள் செலவிட்டார். ஆகவே உங்கள் கணவர் கண்ட குடும்பச் சாயல் கற்பனையல்ல. வேறுபாடு எங்கே என்றால், காப்பீட்டில்தான். இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. வங்கி உரிமம் இல்லாத சாதாரணக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இல்லை. ஊரில் பணம் முடங்கிப்போன கதைகள் பலவற்றில் நடந்தது இதுதான்: பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்று இருக்கும், பின்னால் காப்பீடு இருக்காது.

அமெரிக்காவில் வங்கிகளின் வைப்புத்தொகைக்கு எஃப்.டி.ஐ.சி. என்ற அமைப்பும், கூட்டரசுக் காப்பீடு பெற்ற கிரெடிட் யூனியன்களின் வைப்புத்தொகைக்கு என்.சி.யு.ஏ. என்ற அமைப்பும் காப்பீடு தருகின்றன. முன்னது 1933இல் வந்த சட்டத்தால் பிறந்தது. கிரெடிட் யூனியன்களுக்கான காப்பீட்டு நிதி 1970இல் ஏற்படுத்தப்பட்டது. இரண்டின் பின்னாலும் அமெரிக்க அரசின் முழுப் பொறுப்புறுதி நிற்கிறது. இரண்டிலும் உச்சவரம்பு ஒன்றே, அதாவது ஒரு நபருக்கு, ஒரு நிறுவனத்தில், ஒவ்வொரு உரிமை வகைக்கும் (தனிநபர் கணக்கு, கூட்டுக் கணக்கு போன்றவை) 2,50,000 டாலர். 2009, 2010 ஆண்டுகளில், கிரெடிட் யூனியன்களுக்கே வங்கியாக இருந்து பணம் வைத்திருந்த ஐந்து பெரிய மத்திய அமைப்புகள் வீட்டுக் கடன் பத்திரங்களில் முதலிட்டு விழுந்தன. அந்த இழப்பை எஞ்சியிருந்த கிரெடிட் யூனியன்கள் பல ஆண்டுகள் கூடுதல் கட்டணம் செலுத்திச் சுமந்தனவே தவிர, உறுப்பினர்களின் காப்பீடு பெற்ற சேமிப்பில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

இனி, உங்கள் கணவரிடம் நீங்கள் காட்ட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. "உரிமை வகை" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் 2,90,000 டாலர் முழுவதும் உங்கள் ஒருவர் பெயரில், ஒரே வங்கியில் இருக்கிறது. தனிநபர் கணக்குக்கான வரம்பு 2,50,000. எனவே பாதுகாப்பானது என்று அவர் நம்பும் அந்தப் பெரிய வங்கியிலேயே இன்று உங்கள் பணத்தில் 40,000 டாலருக்குக் காப்பீடு இல்லை. அந்த வங்கி நாளை விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் பெரியது என்பது காப்பீட்டுக்கு மாற்று அல்ல. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, வரம்புக்கு மேல் பணம் வைத்திருந்தவர்கள் அந்த வார இறுதி முழுவதும் திங்கட்கிழமை என்னாகுமோ என்று காத்திருந்ததை மறந்துவிட முடியாது. அவர்களைக் காப்பாற்ற அரசு தனி முடிவு எடுத்தது. எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதே பணத்தை இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக மாற்றினால், ஆளுக்கு 2,50,000 வீதம் 5,00,000 டாலர்வரை காப்பீடு விரிகிறது. இது வங்கிக்கும் கிரெடிட் யூனியனுக்கும் பொது. பணத்தை எங்கே வைப்பது என்ற முடிவுக்கு முன்பே, இந்த வாரமே செய்துவிடக்கூடிய வேலை இது.

கிரெடிட் யூனியனின் பக்கத்தில் ஒரே ஒரு சரிபார்ப்பு கட்டாயம் தேவை. கூட்டரசு உரிமம் பெற்ற எல்லாக் கிரெடிட் யூனியன்களுக்கும் என்.சி.யு.ஏ. காப்பீடு உண்டு. ஆனால் மாநில உரிமத்தில் இயங்கும் ஒரு சிறு பகுதி, தனியார் காப்பீட்டை வைத்திருக்கிறது. அதன் பின்னால் அரசு இல்லை. உங்களுடையது எது என்பதை வாசலில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், என்.சி.யு.ஏ.வின் இணையதளத்திலேயே நிறுவனத்தின் பெயரைத் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் அந்த நிறுவனம் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் நிதி அறிக்கையும் கிடைக்கும். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது நிகர மதிப்பு விகிதம், அதாவது மொத்தச் சொத்தில் நிறுவனத்தின் சொந்த மூலதனம் எத்தனை சதவீதம் என்பது. அது 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல மூலதன பலம் உள்ளது என்று ஒழுங்குமுறை அமைப்பு கருதுகிறது. அதோடு, தவணை தவறிய கடன்களின் விகிதம் கடந்த சில காலாண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வட்டி ஏன் குறைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரெடிட் யூனியனுக்குத் தனியான பங்குதாரர்கள் இல்லை. சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களே உரிமையாளர்கள். கூட்டரசு வருமான வரியும் அதற்கு இல்லை. பெரும்பாலும் இயக்குநர்கள் ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். இலாபமாக வெளியே போக வேண்டிய பணம், குறைந்த கடன் வட்டியாகவோ கூடுதல் சேமிப்பு வட்டியாகவோ உள்ளேயே திரும்புகிறது. கூட்டரசு உரிமம் பெற்றவற்றுக்குக் கடன் வட்டியில் ஒரு மேல்வரம்பும் உண்டு: சட்டத்தில் 15 சதவீதம் என்றிருப்பதை, என்.சி.யு.ஏ. வாரியம் 1987 முதல் மீண்டும் மீண்டும் நீட்டித்து 18 சதவீதமாக வைத்திருக்கிறது. பெரிய வங்கிகளின் கிரெடிட் கார்டுகள் பல 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் காலத்தில் இது சிறிய விஷயமல்ல. அதேபோல், கூட்டரசுக் கிரெடிட் யூனியன் தன் கடனை முன்கூட்டியே அடைப்பவரிடம் அபராதம் வசூலிக்க முடியாது.

உங்கள் கார் கடனுக்கு வருவோம். 28,000 டாலருக்கு 60 மாதங்களில், 8.4 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 573 டாலர்; 5.9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 540 டாலர். மாதத்துக்கு 33 டாலர் வேறுபாடு என்று பார்த்தால் சிறிதாகத் தோன்றும். கடன் முடியும்போது அது 2,000 டாலரை நெருங்கிவிடுகிறது. வேறு எதையும் மாற்றாமல் இந்த ஒரு கடனுக்காக மட்டும் உறுப்பினராகச் சேர்ந்தாலும் அது தகும்.

கையில் இவ்வளவு சேமிப்பு இருக்கும்போது கடன் எதற்கு என்று கேட்க எனக்கும் தோன்றியது. வீட்டுக்கான முன்பணம் குறையக் கூடாது என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம், அது புரிகிறது. ஆயினும் அடுத்த ஆண்டு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, மாத வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைகளுக்குப் போகிறது என்பதைத்தான் கடன் தருபவர் முதலில் பார்ப்பார். இந்த 540 டாலர் அந்தக் கணக்கில் ஏறி, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனைக் குறைக்கும். முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லை என்பது இங்கேதான் உங்களுக்கு உதவும். இப்போது கடனை வாங்கிவிட்டு, வீடு தேடத் தொடங்கும் வேளையில் இருவருடைய சம்பளத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்து, தேவைப்பட்டால் கார் கடனை அடைத்துவிட்டு விண்ணப்பிக்கலாம். உங்களுடையது மாநில உரிமம் பெற்றது என்றால், இந்த அபராத விஷயத்தை ஒப்பந்தத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேமிப்பைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உற்சாகமாக இல்லை. 2,90,000 டாலருக்கு ஆண்டுக்கு 29 டாலர் என்பது 0.01 சதவீதம், எங்கே மாற்றினாலும் இதைவிட மேல்தான். ஆனால் கிரெடிட் யூனியனின் சாதாரணச் சேமிப்புக் கணக்கும் பல இடங்களில் மிகக் குறைந்த வட்டியே தருகிறது. கிளைகளே இல்லாத இணைய வங்கிகள் அதை எளிதாக மிஞ்சுவதுண்டு. கிரெடிட் யூனியனில் வட்டி உருப்படியாகக் கிடைப்பது, பெரும்பாலும் அவர்கள் ஷேர் சர்டிஃபிகேட் என்று சொல்லும் வைப்புகளில். அது வங்கிகளின் சி.டி.யை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டு வைக்கும் நிலையான வைப்பை, போன்றதே. அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய பணத்தை நீண்ட காலத்துக்குப் பூட்டிவிடாதீர்கள். முன்னதாக எடுத்தால் வட்டியில் ஒரு பகுதி போய்விடும். (அவர்கள் தரும் வட்டியை ஈவுத்தொகை என்றுதான் எழுதியிருப்பார்கள். வரிக் கணக்கில் அது வட்டியாகவே சேரும். படிவமும் வட்டிக்கான 1099 படிவமாகவே வரும்.)

இப்போது அந்தப் பத்திக்கு வருகிறேன். கார் கடன் ஒப்பந்தத்தில், வட்டி விகிதமும் தவணையும் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் இருக்கும் முதல் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் பக்கங்களில், பிணை அல்லது ஈட்டுரிமை என்ற தலைப்பின் கீழ், ஏறத்தாழ இந்தப் பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும்: "இந்தக் கடனுக்காக நீங்கள் ஈடாகத் தரும் சொத்து, இப்போதோ எதிர்காலத்திலோ நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய பிற எல்லாக் கடன்களுக்கும் ஈடாகும்." கிரெடிட் யூனியன்களின் ஒப்பந்தங்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் வாசகம். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல முடியாது. குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பவர் தன் இழப்பைக் குறைத்துக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கையெழுத்திடுகிறவர் இதன் விளைவை அறிந்திருக்க வேண்டும்.

விளைவு எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டாகப் பாருங்கள். கார் கடனோடு, அதே நிறுவனத்தின் கிரெடிட் கார்டையும் வாங்குகிறீர்கள். மூன்றாண்டுகளில் கார் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்துவிடுகிறீர்கள். இடையில் வேலை மாறும் காலத்தில் கார்டில் 4,000 டாலர் நிலுவையாகி, இரண்டு மாதம் கட்ட முடியாமல் போகிறது. கார் கடன் தீர்ந்துவிட்டதே என்று காரின் டைட்டிலை (உரிமைப் பத்திரத்தை) கேட்டால், கார்டு நிலுவை தீரும்வரை தர இயலாது என்று அவர்கள் சொல்ல முடியும். நிலுவை முற்றினால், அந்தக் காரையே எடுத்துச்செல்லவும் ஒப்பந்தம் இடம் தரலாம். கார்டு என்பது ஈடில்லாக் கடன் என்று நாம் நினைத்திருப்போம். இந்த ஒரு வாக்கியம் அதை ஈட்டுக் கடனாக மாற்றிவிடுகிறது. குடியிருக்கும் வீட்டைப் பொதுவாக இந்த விதியிலிருந்து விலக்கியிருப்பார்கள், கார்தான் சிக்கும்.

இதன் மறுபாதி சேமிப்பைப் பற்றியது. தவணை தவறிய கடனுக்காக, உறுப்பினரின் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கூட்டரசுச் சட்டம் கிரெடிட் யூனியனுக்கு அளிக்கிறது. வங்கிகளுக்கும் இதையொத்த ஈடுசெய்யும் உரிமை உண்டு. கிரெடிட் கார்டு நிலுவைக்காக வாடிக்கையாளரின் கணக்கில் கைவைக்கக் கூடாது என்று சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; ஆனால் கார்டு வாங்கும்போதே "என் சேமிப்பை இதற்கு ஈடாகத் தருகிறேன்" என்று வாடிக்கையாளர் தெரிந்து எழுதிக்கொடுத்திருந்தால் அந்தத் தடை விலகிவிடுகிறது. கிரெடிட் யூனியன்கள் பல, கார்டு விண்ணப்பத்திலேயே இந்தச் சம்மதத்தைப் பெற்றுக்கொள்கின்றன. சில இடங்களில் அதற்கெனத் தனியாக ஒரு கையெழுத்து இடமே இருக்கும். அலுவலர் விரல் வைத்துக் காட்டும் இடங்களில் எல்லாம் வேகமாகக் கையெழுத்திட்டுக்கொண்டே போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

உங்கள் நிலையில் இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் இருவரும் விசாவில் இருக்கிறீர்கள். எச்-1பி விசாவில் உள்ளவர் வேலையை இழந்தால், அடுத்த வேலையைத் தேடிக்கொள்ளவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ பொதுவாக அதிகபட்சம் 60 நாட்கள் கிடைக்கும். அப்படிப்பட்ட இரண்டு மாதங்களில் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது, யாரும் கைவைக்க முடியாத ரொக்கம். சம்பளம், அவசரச் சேமிப்பு, கார் கடன், கார்டு எல்லாமே ஒரே நிறுவனத்தில் இருந்தால், தவணை தவறிய மாதத்தில் அவர்கள் தங்கள் பாக்கியை உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த மாதத்தில் வாடகை கொடுப்பதா, கார் தவணை கட்டுவதா என்ற தேர்வே உங்கள் கையில் இருக்காது. உறுப்பினராக இருப்பதன் நன்மையும் சங்கடமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: கடன் கொடுத்தவரின் பெட்டியிலேயே உங்கள் சேமிப்பும் இருக்கிறது.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. கார் கடனைக் கிரெடிட் யூனியனில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கார்டு வாங்காதீர்கள். வட்டி குறைவு என்று ஆசைகாட்டினாலும், மாதந்தோறும் முழு நிலுவையையும் கட்டிவிடுகிறவருக்கு வட்டி விகிதம் ஒரு பொருட்டே அல்ல. அவசரத் தேவைக்கான ஆறு மாதச் செலவுப் பணத்தை, கடன் எதுவும் வாங்காத வேறொரு நிறுவனத்தில் வையுங்கள். இப்போதுள்ள பெரிய வங்கியோ, வட்டி கூடுதலாகத் தரும் ஓர் இணைய வங்கியோ அதற்குப் போதும். வீட்டுக்கான தொகையைப் பிரித்து, ஒரு பகுதியைக் கிரெடிட் யூனியன் சர்டிஃபிகேட்டில் போடுவதில் தடையில்லை. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே அதன் நகலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேற்சொன்ன வாக்கியத்தை நீக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அச்சிட்ட படிவம் என்பதால் பெரும்பாலும் முடியாது என்பார்கள். முடியாது என்றாலும், அங்கே வேறு கடன் இல்லாதவரை அந்த வாக்கியத்துக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

ஊருக்குப் பணம் அனுப்புவதில் பெரிய வங்கிக்கு உண்மையான மேன்மை உண்டு. சிறிய கிரெடிட் யூனியன்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு) கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் வயர் (வங்கிக்கு வங்கி அனுப்பும் பணம்), இடையில் ஒரு வங்கியின் வழியாக வந்து சேர வேண்டும். அனுப்புவதும் அப்படியே, சில இடங்களில் கிளைக்கு நேரில் வந்து படிவம் நிரப்பச் சொல்வார்கள், சில இடங்களில் அந்தச் சேவையே இல்லை. மாதந்தோறும் அனுப்பும் சிறு தொகைக்கு இது தடையாகாது. நீங்கள் பயன்படுத்தும் பணம் அனுப்பும் செயலி, கிரெடிட் யூனியனின் செக்கிங் கணக்கோடும் (அன்றாட வரவு செலவுக்கான கணக்கு) பெரும்பாலும் இணையும். ஆனால் ஊரில் சொத்து விற்று வரும் பெருந்தொகையையோ, இங்கிருந்து அங்கே அனுப்பும் பெருந்தொகையையோ நினைத்தால், வயர் வசதி நன்றாக உள்ள ஒரு வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பதுதான் நல்லது. நண்பர்களுக்கிடையே பணம் மாற்ற ஜெல் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உங்கள் கிரெடிட் யூனியன் அதில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஜெல்லின் தனிச் செயலி வழியாகப் பணம் அனுப்பும் வசதி 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், நிறுவனம் இணைந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

கிளைகள் குறைவே என்ற கவலை வேண்டாம். வெவ்வேறு கிரெடிட் யூனியன்கள் ஒன்றின் கவுன்ட்டரை மற்றதன் உறுப்பினருக்குத் திறந்துவைக்கும் பகிர்வுக் கிளை முறை ஒன்று இயங்குகிறது; கட்டணமில்லா ஏடிஎம்களும் நாடு முழுவதும் 30,000க்கு மேல் இருக்கின்றன. உங்களுடையது அந்த வலையமைப்பில் உள்ளதா என்பது ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்.

உறுப்பினராவது எளிது. மருத்துவமனை ஊழியர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு. குடும்பத்தினர் என்ற முறையில் உங்கள் கணவரும் சேரலாம். 5 டாலரோ 25 டாலரோ ஒரு பங்காகப் போட்டு, அதை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பிற்பாடு வேலை மாறினாலும் பெரும்பாலான இடங்களில் உறுப்பினர் தகுதி தொடரும். இருந்தாலும் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தின்போது உங்கள் கிரெடிட் அறிக்கையை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். கடன் தகுதியைக் காட்டும் ஸ்கோரைச் சற்றே குறைக்கும் வகையான விசாரணையைக் கணக்குத் தொடங்கும்போதே செய்யும் இடங்களும் உண்டு. விசாவைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுவது மேல். கடன் தருபவர்களில் சிலர், விசா முடியும் தேதிக்குள் கடனும் முடியும்படி தவணைக் காலத்தைச் சுருக்கிவிடுவார்கள். 5.9 சதவீதம் என்று அவர்கள் சொன்னது ஐந்தாண்டுக் கடனுக்கு. மூன்றாண்டு என்றால் வட்டி மொத்தத்தில் குறையும், ஆனால் மாதத் தவணை 850 டாலர்வரை போகும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கார் விற்பவரிடம் பேசுங்கள். விற்பனைக்கூடத்திலும் கடன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்வார்கள்; 5.9ஐவிடக் குறைத்துத் தந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கிரெடிட் யூனியனின் முன்அனுமதிக் கடிதத்தை நீட்டிவிடலாம்.

உங்கள் கணவர் கேட்க மறந்த, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: இந்த நிறுவனம் இதே வடிவில் எத்தனை நாள் இருக்கும்? 1970 வாக்கில் நாடு முழுவதும் 23,000க்கு மேல் கிரெடிட் யூனியன்கள் இருந்தன. இன்று 5,000க்கும் குறைவு. உறுப்பினர் எண்ணிக்கையோ இதே காலத்தில் பன்மடங்கு பெருகி, 14 கோடியைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் மூடப்படுவதில்லை, ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. இணைப்பால் உங்கள் பணத்துக்கோ கடனின் வட்டிக்கோ ஆபத்து இல்லை. ஆனால் உள்ளூர் என்று நம்பிச் சேர்ந்தது, வேறு மாநிலத்தில் தலைமையகம் வைத்த பெரிய நிறுவனமாகி, கட்டண விவரங்கள் மாறக்கூடும். ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்தால் விதிக்கும் கட்டணம்) வங்கிகளுக்குச் சளைக்காமல் வசூலிக்கும் பெரிய கிரெடிட் யூனியன்களும் இருக்கின்றன. இணைப்புக்கு முன் உறுப்பினர்களின் ஓட்டுக் கேட்டு ஒரு கடிதம் வரும். சேமிப்பு எவ்வளவாக இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுத்தான். விளம்பரக் கடிதம் என்று நினைத்து அதைத் தூக்கிப்போட்டுவிடாமல், இணைப்பால் நிர்வாகிகளுக்குக் கிடைக்கும் தனிச் சலுகைகள் பற்றிய பகுதியையாவது படித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

வரிசைப்படி செய்வதானால், முதலில் இப்போதுள்ள வங்கியில் சேமிப்பைக் கூட்டுக் கணக்காக்குங்கள். பிறகு என்.சி.யு.ஏ. பதிவைச் சரிபார்த்து, இருவரும் உறுப்பினராகி, விசா விஷயத்தையும் தவணைக் காலத்தையும் எழுத்தில் பெற்றுக் கார் கடனுக்கான முன்அனுமதி வாங்குங்கள். சம்பளம் இப்போது போகும் கணக்குக்கே போகட்டும். கார் தவணைக்கான 540 டாலரை மட்டும் மாதந்தோறும் தானாகவே கிரெடிட் யூனியனுக்கு மாற்றச் செய்யுங்கள். இப்படித் தானியங்கித் தவணைக்குச் சம்மதித்தால் கால் சதவீதம்வரை வட்டியைக் குறைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அந்தத் தள்ளுபடி வேறு வங்கிக் கணக்கிலிருந்து வரும் தவணைக்கும் கிடைக்குமா, அவர்களிடமே செக்கிங் கணக்கு வைத்திருந்தால்தான் கிடைக்குமா என்பதைக் கடன் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.